கேமரா கறுத்தால் காப்பியடிப்பா? இணையவழித் தேர்வு மேற்பார்வைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பாலக்காட்டுக்குக் கிழக்கே எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஊர்களில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தேர்வு வைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதியது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மேற்பார்வைக்குக் கூகுள் மீட், விடைக்குக் கூகுள் ஃபார்ம், அவசரத்துக்கு வாட்ஸ்அப் என்று வைத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு ஒரு போன்தான் என்பதும் கணக்கில் இருக்கிறது.

எந்தக் கோளாறு வந்தாலும் தேடும் வரிசை இது: முதலில் போன், பிறகு சிக்னல், பிறகு ஃபார்ம் அமைப்பு, கடைசியாகப் பிள்ளை. பலர் கடைசியிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளையைத் திருடன் என்று சொன்ன பிறகு கோளாறு போனில்தான் என்று தெரிந்தால், அந்த வீட்டார் அடுத்த தேர்வுக்குக் கேமராவைத் திறக்கவே மாட்டார்கள்.

அறிகுறி: வினாத்தாள் திறந்ததும் கேமரா கறுப்பாகிறது

அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஒரே போனில் மீட்டும் ஃபார்மும் ஓடுகின்றன. பிள்ளை ஃபார்முக்குப் போனதும் மீட் பின்னால் தள்ளப்படுகிறது. சில போன்களில் அது சிறு சதுரமாகச் சுருங்கி ஓடிக்கொண்டிருக்கும். 2 ஜிபி, 3 ஜிபி ரேம் போன்களில் ஆண்ட்ராய்டு நினைவகத்தைக் காப்பாற்ற அதை மூடிவிடக்கூடும். மீட்டை ஆப்பில் திறக்காமல் குரோமில் திறந்திருந்தால், தாவல் (டேப்) மாறியதுமே பெரும்பாலும் கேமரா நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை: மீட்டை ஆப்பாகவே நிறுவச் சொல்லுங்கள். போன் அமைப்புகளில் ஆப்ஸ், அதில் மீட், அதில் ‘பிக்சர் இன் பிக்சர்’ (சிறு சதுரமாகச் சுருங்கி ஓடும்) அனுமதி திறந்திருக்க வேண்டும். அதே இடத்தில் பேட்டரி என்பதைத் தொட்டு ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வையுங்கள். பேட்டரி சேவர் அணைந்திருக்க வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தானாகவே சேவர் ஏறும் போன்கள் உண்டு. அதனால் தேர்வு தொடங்கும்போது சார்ஜ் 60-க்கு மேல் இருக்கட்டும். பின்னால் திறந்து கிடக்கும் ஆப்களை மூடச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து அதே போன் மறுபடி கறுத்தால் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். தேர்வின் முறையை மாற்றுங்கள். ஆசிரியர் மீட்டிலேயே வினாக்களைத் திரையில் காட்டலாம்: ஒரு திரைக்கு மூன்று வினா, எழுத்தளவு 28-க்குக் குறையாமல். பிள்ளை மீட்டை விட்டு வெளியே போகாமல் தாளில் எழுதும். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி 15 நிமிடம் விடைத்தாளைப் படமெடுத்து அனுப்ப. ஒரு போன் வீடுகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு மட்டும் ஃபார்மை வைத்துக்கொண்டு, அதற்கான 20 நிமிடம் கேமரா இல்லாமலே விடலாம்.

கேமரா கறுத்த பிள்ளையிடம் எழுதுவதை நிறுத்தச் சொல்லக் கூடாது. “கண்ணு, உன் படம் நின்னு போச்சு. நீ பாட்டுக்கு எழுது. அம்மாவை ஒரு நிமிஷம் போனைப் பாக்கச் சொல்லு.” இவ்வளவு போதும். நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: 10.14 கறுப்பு, 10.19 திரும்பியது. முடிவு எடுக்கும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

அறிகுறி: பிள்ளை வருகிறது, போகிறது, சிக்னல் கோடு நிறைய இருந்தும் படம் உறைகிறது

இது எல்லைக்கே உரிய கோளாறு. கேரளமும் தமிழ்நாடும் தொலைத்தொடர்பில் வேறு வேறு வட்டங்கள் (சேவைப் பகுதிகள்). வீடு கேரளத்தில் இருக்கும். போன் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கும். காற்றடித்தால், கதவைச் சாத்தினால் இந்தப் பக்கத்துக் கோபுரத்துக்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் இணைப்பு அறுந்து மறுபடி கட்டப்படும். மீட்டில் பிள்ளை காணாமல் போய்த் திரும்ப வரும்.

முதல் சோதனை: போன் அமைப்புகளில் ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால், அடுத்த வட்டத்துக் கோபுரத்தில் கோடு முழுதாக இருந்தும் நெட் மட்டும் வராமல் போகலாம். இரண்டாவது: நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றுங்கள். தேடல் ஓரிரு நிமிடம் ஓடும், அந்த நேரம் நெட் இருக்காது; ஆகவே தேர்வுக்கு முந்தைய நாளே செய்து பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் பெயர் இரண்டு முறை வந்தால் ஒவ்வொன்றாகத் தேர்ந்து, பிள்ளை உட்காரும் இடத்தில் 10 நிமிடம் மீட்டில் இருந்து பார்த்து, அறுபடாததை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் தானியங்கிக்குத் திருப்ப மறக்கக் கூடாது. மறந்தால் அப்பா வேலைக்குப் போகும் ஊரில் போன் ஊமையாகிவிடும், பழி நம் மீது விழும்.

தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நிலைமை வேறு. அங்கே தாவுவதற்கு இரண்டாவது கோபுரமே இருக்காது, மலை மறைக்கும். வாசலில் வருவது அறைக்குள் வராது. பிள்ளையை வாசலில் உட்கார வைப்பதுதான் வழி என்றால், அக்கம்பக்கத்துப் பேச்சுக் குரலைக் குற்றமாக எழுத முடியாது.

கோடும் இருக்கிறது, ரோமிங்கும் திறந்திருக்கிறது, ஆனாலும் படம் உறைகிறது என்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். நாளுக்கு 1.5 ஜிபி திட்டங்களில் அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகச் சுருங்கும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். நள்ளிரவில்தான் புது அளவு வரும். காணொளியோடு மீட்டில் இருப்பது ஒருபக்கத்துக்கு 300 கேபிபிஎஸ் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 135 எம்பி. அனுப்புவதும் பெறுவதுமாக இரட்டிப்பாகும். காலையில் தம்பி கார்ட்டூன் பார்த்திருந்தால் மாலைத் தேர்வுக்கு மிச்சம் இராது. மீட் ஆப்பின் அமைப்பில் டேட்டா பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் தெரிவு ஒன்று உண்டு, அதைப் போடச் சொல்லுங்கள்.

நேரம் குறிப்பதில் ஒரு சிக்கல். காலை 10 மணிக்கு நெட் நன்றாக இருக்கும். ஆனால் போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இரவு 7 மணிக்குப் போன் வீட்டில் இருக்கும்; ஊரே நெட்டில் இருக்கும். இரவுத் தேர்வென்றால் படங்கள் இல்லாத வினாத்தாள், 40 நிமிடத்துக்குள் முடியும் அளவு. படம் இருந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 100 கிலோபைட்டுக்குக் கீழே சுருக்குங்கள்.

அறிகுறி: சரியாக ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக மறைகிறார்கள்

இலவசக் கணக்கு. மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், ஜூமில் 40. ஒன்றரை மணி நேரத் தேர்வுக்கு முன்கூட்டியே இரண்டு இணைப்பு உருவாக்கி, 50-ஆவது நிமிடத்தில் எல்லோரையும் இரண்டாவதற்கு மாற்றுங்கள்.

அறிகுறி: “அனுமதி தேவை” என்று வந்து ஃபார்ம் திறக்கவில்லை

பள்ளிக் கணக்கில் உருவாக்கிய ஃபார்ம், பள்ளிக் கணக்கு இல்லாதவர்களைத் தடுக்கும். பிள்ளை அப்பாவின் ஜிமெயிலில் இருக்கும். ஒன்று, ஃபார்ம் அமைப்பில் நிறுவனத்துக்குள் மட்டும் என்ற கட்டுப்பாட்டை எடுங்கள். அல்லது பிள்ளையைப் பள்ளிக் கணக்கில் நுழையச் சொல்லுங்கள். சில செயலிகள் இணைப்பைத் தமக்குள்ளேயே திறக்கும். அதில் கூகுள் உள்நுழைவு மறுக்கப்படலாம். இணைப்பை நகலெடுத்துக் குரோமில் ஒட்டினால் திறக்கும்.

“இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று சிவப்பாக வந்தால் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதும் இறங்கி எழுந்த பழைய போன்களில் ஆண்டே மாறியிருக்கும். தேதியைத் தானியங்கியில் போட்டால் சரியாகும்.

அப்பா கணக்கில் நுழைந்தால் மீட்டில் அப்பா பெயரோ கடைப் பெயரோதான் தெரியும். எந்தப் பெயருக்குள் எந்தப் பிள்ளை என்று வரிசை எண்ணோடு ஒரு பட்டியல் முதல் நாளே வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே போன் என்றால், ஒரு முறை மட்டும் பதில் என்ற தெரிவு இரண்டாமவரைத் தடுக்கும். ஒரே ஃபார்மை இரு வகுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: வினா தமிழில் தெரியாமல் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து தெரிகிறது

வினாத்தாள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் தமிழாகத் தெரிகிறது. எல்லாக் கருவியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் வரும் எழுத்துகள், ஸ்ரீ, பின்னங்கள், அடுக்குக்குறிகள் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். பிழை அங்கேதான் தங்கும். உங்கள் கணினியில் சரிபார்த்தால் போதாது, வேறு யாருடைய போனிலாவது ஒருமுறை திறந்து பாருங்கள்.

அறிகுறி: சரியான விடைக்குச் சுழியம் விழுகிறது

சிறு விடை வினாக்களில் ஃபார்ம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. தமிழில் இது பெரிய பொறி. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறாக இருக்கலாம். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடிப்பவர்கள் ஏராளம். சொல்லுக்கு நடுவே இரட்டை இடைவெளி விழுந்தாலும் போயிற்று.

எல்லையில் இன்னொன்று சேரும். நீங்கள் ‘ஆக்சிஜன்’ என்று விடை வைத்திருப்பீர்கள். பிள்ளை ‘ஆக்ஸிஜன்’ என்றோ, ‘உயிர்வளி’ என்றோ, வீட்டில் கேட்ட பழக்கத்தில் ‘பிராணவாயு’ என்றோ எழுதும். ஒளிச்சேர்க்கைக்கு ‘பிரகாச சம்ஸ்லேஷணம்’ என்று மலையாளச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதும் பிள்ளைக்குப் பாடம் தெரியும், சொல்தான் வேறு. மதிப்பெண் தருவதா என்பது உங்கள் முடிவு. ஃபார்மின் முடிவாக விட்டுவிடக் கூடாது.

தீர்வு: விடைக்குறிப்பில் ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் சேருங்கள். ‘மற்ற விடைகள் அனைத்தும் தவறு’ என்ற கட்டத்தில் குறியிடாதீர்கள். மதிப்பெண் வெளியீட்டை ‘கைமுறைச் சரிபார்ப்புக்குப் பின்’ என்று வைத்து, ஃபார்மின் பதில்கள் பகுதியில் வினா வாரியாகப் பாருங்கள்; ஒரே எழுத்தில் எழுதியவர்கள் ஒன்றாகத் திரள்வதால் 40 பேருக்குப் பத்து நிமிடத்தில் முடியும்.

தேர்ந்தெடுக்கும் வினாக்களில் விருப்பங்களைக் கலைக்கும் வசதி நல்லது. ஆனால் ‘மேற்கண்ட அனைத்தும்’, ‘அ மற்றும் இ’ போன்ற விருப்பங்கள் இருக்கும் வினாவில் கலைத்தால் அது இரண்டாவது இடத்துக்கு ஏறி, வினாவே பொருளிழக்கும். அந்த வினாக்களில் மட்டும் கலைப்பை அணையுங்கள். இல்லை, விருப்பத்தையே மாற்றி எழுதுங்கள். பின்னது மேல்.

அறிகுறி: பிள்ளை அடிக்கடி வேறு பக்கம் பார்க்கிறது, உதடு அசைகிறது, குரல் கேட்கிறது

முதலில் போன் வைத்த இடம். நேர் எதிரே வைத்தால் எழுதக் குனியும் ஒவ்வொரு முறையும் கண் மறையும். பக்கவாட்டில், ஏறக்குறைய 45 பாகை சாய்வில், இரண்டரை அடி தள்ளி, முகமும் இரு கையும் தாளும் தெரியும்படி வைக்க வேண்டும். தாங்கி வாங்கச் சொல்ல வேண்டாம். அரிசிப் பையோ இரண்டு செங்கல்லோ போதும். சன்னல் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கரியாகத் தெரியும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும்.

யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பதும், தனக்குள் வாய்விட்டு வாசிப்பதும் பிள்ளைகளின் இயல்பு. கவனிக்க வேண்டியது திரும்பத் திரும்ப ஒரே திசை: வினா மாறும்போதெல்லாம் ஒரே புள்ளிக்குக் கண் போய், திரும்பியதும் கை வேகமாக எழுதினால், அங்கே ஏதோ இருக்கிறது. அப்போதும் குற்றச்சாட்டு வேண்டாம். “போனைக் கொஞ்சம் இடது பக்கமாத் திருப்பு, தம்பி” என்றால் போதும். திருப்பிய பின் பார்வை மாறுகிறதா என்று பாருங்கள்.

படம் உறைந்ததா, ஒட்டிவைத்த படமா என்ற ஐயம் வந்தால் மின்விசிறியையோ திரைச்சீலையையோ பாருங்கள். பிறகு “இடது கையால் காதைத் தொடு” என்பதுபோல் முன்கூட்டி ஊகிக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள். நெட் மெதுவாக இருந்தால் 5 நொடி தாமதமாகும். தாமதமே குற்றமல்ல.

அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்வது பலருக்கு வழக்கம். ஒற்றை அறை வீட்டில் அது பாட்டி படுத்திருக்கும் பாயையும் உலரும் துணியையும் முப்பது பேருக்குக் காட்டுவதாகும். மேசையையும் இரு பக்கத்தையும் மட்டும், அதுவும் தேர்வுக்கு முன் தனியாக இருக்கும்போது காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்வதைத் தவிருங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் பற்றிய விதிகள் உண்டு. பதிவேட்டுக் குறிப்பு இருந்தால் காணொளிப் பதிவு பெரும்பாலும் தேவைப்படாது.

ஒரு மேற்பார்வையாளருக்கு 15, 16 பிள்ளைக்கு மேல் வேண்டாம். நாற்பது சதுரத்தை ஒருவர் பார்ப்பதாகச் சொன்னால் அவர் எதையும் பார்க்கவில்லை என்று பொருள்.

ஒரே வீட்டில் இரண்டு போனில் இருவர் எழுதினால் காது கிழியும் ஊளைச் சத்தம் வரும். ஒன்றின் ஒலிவாங்கி மற்றதன் ஒலிபெருக்கியைக் கேட்கிறது. ஒருவரை ஊமையாக்கி, அந்தப் போனின் ஒலியையும் குறையுங்கள்.

அறிகுறி: முதலில் அனுப்பியவர்களின் விடைத்தாள் ஏறுகிறது, கடைசி மூன்று நான்கு பேருக்கு ஏறவில்லை

பிள்ளைகளின் நெட்டைக் குறை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். போன் கேமராவில் ஒரு பக்கம் 4 எம்பி. ஆறு பக்கம், 45 பேர்: 1,080 எம்பி. கோப்பு ஏற்றும் வினா உள்ள ஃபார்ம், அமைப்பை மாற்றாவிட்டால் மொத்தம் 1 ஜிபி வரைதான் வாங்கும். தாண்டியதும் பதில் ஏற்பதை நிறுத்திவிடும். அமைப்புகளில் அதை 10 ஜிபி ஆக்குங்கள். ஒரு கோப்புக்கான 10 எம்பி வரம்பு தனி. ஆறு பக்கத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கினால் அதைத் தாண்டும். ஏறும் கோப்புகள் ஆசிரியரின் டிரைவில்தான் சேரும். இலவசக் கணக்கில் ஜிமெயில், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. கல்யாண வீடியோக்களால் அது நிறைந்திருந்தால் ஒரு பிள்ளையின் தாள்கூட ஏறாது.

எளிய வழி: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்வது. அது தானே சுருக்கிவிடும், கையெழுத்து படிக்கும் அளவில் இருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காது. ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் வரிசை எண்ணும் பக்க எண்ணும், ‘3/6’ என்பதுபோல். இல்லாவிட்டால் யாருடைய நான்காம் பக்கம் காணவில்லை என்று தேடி இரவு போகும்.

அறிகுறி: பாதியில் ‘சமர்ப்பி’ அழுந்திவிட்டது, அல்லது எழுதியது எல்லாம் காணோம்

பாதியில் அழுத்தியிருந்தால்: அந்தப் பதிலை முதலில் படமெடுத்து வைத்துக்கொண்டு, தனிப்பட்ட பதில்கள் பகுதியில் அதை மட்டும் நீக்குங்கள். பிள்ளை மறுபடி எழுதலாம். காணோம் என்றால்: உள்நுழைந்து எழுதியிருந்தால் அதே கணக்கில் மறுபடி திறந்தால் வரைவு பெரும்பாலும் இருக்கும். மறைநிலைத் தாவலில் (இன்காக்னிட்டோ) எழுதியிருந்தால் போனதுதான்.

அறிகுறி: காலை 10.30-க்கு அனுப்பிய பிள்ளைக்கு, முந்தைய இரவு 10 மணி என்று பதிவாகியிருக்கிறது

விரிதாளின் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக்கில் இருக்கிறது. பருவத்துக்கேற்பப் பன்னிரண்டரை மணி நேரமோ பதின்மூன்றரை மணி நேரமோ பின்னால் காட்டும். விரிதாளின் கோப்பு, அமைப்புகள் என்று போய் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். இன்னொன்று: அது சமர்ப்பித்த நேரம் மட்டுமே, தொடங்கிய நேரம் அல்ல. ‘மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டான்’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அறிகுறி: நடுவில் கரண்ட் போகிறது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் நாட்களில் தென்னை மட்டை விழுந்து மின்கம்பி அறுவது வழக்கம். வீட்டு ஃபைபர் இணைப்பு மோடத்தோடு சாகும், போன் உயிரோடு இருக்கும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வரச் சொல்லுங்கள். வைஃபையை அணைக்காவிட்டால் சில போன்கள் செத்த மோடத்தையே சுற்றும். பல மோடங்கள் 12 வோல்ட். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தும் சிறு யுபிஎஸ் ஒன்று மோடத்தைத் தாங்கும். ஆடிக் காற்றில் வைக்கும் தேர்வுக்கு மாற்றுத் தேதியை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: இரண்டு விடைத்தாள் ஒன்றுபோல் இருக்கின்றன

சரியான விடைகள் ஒத்துப்போவது எதையும் காட்டாது. தவறான விடைகளைப் பாருங்கள். நான்கு விருப்பத்தில் மூன்று தவறு. இருவரும் தவறு செய்த ஒரு வினாவில் தற்செயலாக ஒரே தவற்றைத் தேர்வது மூன்றில் ஒன்று. ஐந்து வினாவில் அப்படி நேர்வது 243-இல் ஒன்று. இது எல்லாத் தவறும் ஒரே அளவு கவர்ச்சி உடையவை என்று வைத்துப் போட்ட கணக்கு. பாதி வகுப்பே விழுந்த பொறி வினாவை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். இருவரும் ஒரே டியூஷனில் படித்தால் தவறும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டிருக்கலாம்.

மிச்சமும் ஐயம் தருகிறது என்றால் அன்று மாலையே இரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். பெற்றோர் அருகில் இருக்கட்டும். அதே தாளிலிருந்து இரண்டு வினா, எண்களை மட்டும் மாற்றி, மூன்று நிமிடம். “உங்க பையன் காப்பியடிச்சிட்டான்” என்று தொடங்காமல், “ரெண்டு கணக்கு மட்டும் வாய்வழியாக் கேக்கணும்ங்க, போனை அவங்கிட்டக் குடுங்க” என்று தொடங்குங்கள். செய்து காட்டினால் மதிப்பெண் நிற்கும். இருவருமே தடுமாறினால் அந்த வினாக்களுக்கு மட்டும் மறுதேர்வு, தாளில், பள்ளியில்.